முழங்காலுக்கு இறங்கிய பை: ஒரு குரோஷே பையை இரண்டு தடவை பின்னிய கதை

பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். அம்மா அன்றைக்கு வாங்கியது இரண்டு தேங்காய், ஒரு கிலோ தக்காளி, ஒரு கிலோ சின்ன வெங்காயம், அரைக் கிலோ கத்தரிக்காய், ஒரு கட்டு மல்லித்தழை. எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் கொக்கி ஊசியால் பின்னிக் கொடுத்த குரோஷே பையில்தான் போட்டு எடுத்து வந்தாள். கிளம்பும்போது இடுப்புப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த பை, தெருமுனைக்கு வரும்போது முழங்காலுக்கு இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அடி இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் கதவைத் திறந்து பார்த்தால் படியெல்லாம் சின்ன வெங்காயம், பின்னலின் இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக நழுவி விழுந்தது.

"மஞ்சப்பை இப்படியெல்லாம் இறங்காதே" என்றாள் அம்மா. குறை சொல்லும் தொனியே இல்லை, அதுதான் கூடுதலாகக் குத்தியது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த நாளிலிருந்து அவள் கையில் துணிப்பைதான். அதைவிட நல்லதாக ஒன்று தருகிறேன் என்று நான்தான் சவடால் அடித்திருந்தேன்.

பை அறுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நூல் மட்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் ஒரு கண்ணிகூட, அதாவது பின்னலின் ஒரு வளையம்கூட, விடவில்லை. அன்று சாயங்காலம் காலிப் பையை ஆணியில் மாட்டி இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். பின்னி முடித்த அன்று கைப்பிடி உச்சியிலிருந்து பையின் வாய் வரை 11 அங்குலம், இப்போது 16. பையின் உடம்பும் 13-லிருந்து 15½ ஆகியிருந்தது, அதற்கேற்ப அகலம் குறைந்திருந்தது. அதாவது நூல் நீளவில்லை, கண்ணிகள்தான் குறுக்கே ஒடுங்கி நெடுக்கே நீண்டிருக்கின்றன. அம்மா சொன்ன மஞ்சப்பைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். நெய்த துணியில் நூல் நேராக ஓடுகிறது, பாரம் அதன் நீளவாக்கில் விழுகிறது, நீள்வதற்கு அங்கே பெரிதாக மிச்சம் எதுவும் கிடையாது. பின்னலில் நூல் வளைந்து வளைந்துதான் போகிறது, பாரம் விழுந்ததும் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் கொஞ்சம் நிமிரும். அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்துதான் ஐந்து அங்குலம்.

சரி, முதல் பையை எப்படிப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நூலில் குறை சொல்ல முடியாது. மேக்ரமே என்கிற முடிச்சு வேலைக்கு விற்கிற 3 மி.மீ. பருத்தி நூல், வெளுக்காத நிறம், ஒரு கிலோ உருண்டை. அதற்கு முன்னால் சணல் கயிற்றில் ஒரு சாண் பின்னிப் பார்த்துத் தூக்கிப் போட்டேன்; விரல் எரிகிறது, மடியெல்லாம் தும்பு, போதாததற்கு ஒரு மண்ணெண்ணெய் வாடை. சணல் நாரை நூற்பதற்கு முன் இளக்குவதற்காக எண்ணெய் தெளிப்பார்கள், அந்த வாடை அது. தவிர, சணல் நனைந்தால் பலம் குறையும், பருத்தி நனைந்தால் கூடத்தான் செய்யும். ஐப்பசி மழையில் மார்க்கெட்டுக்குப் போகப் போகிற பைக்கு இது சின்ன விஷயமில்லை.

கொக்கி ஊசி 6 மி.மீ. இதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை, பெரிய ஊசி என்றால் பை மளமளவென்று வளரும். கைப்பிடிக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. வாய்ச் சுற்றில் 16 கண்ணியை விட்டுவிட்டு 45 செயின் (வெறும் சங்கிலிக் கண்ணி) போட்டு அந்தப் பக்கம் சேர்த்து, அதன் மேல் இரண்டு சுற்று ஓட்டிவிட்டேன். வீடியோக்களில் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுகிறார்கள். உடம்பு முழுக்க டபுள் குரோஷே என்கிற பின்னல். ஒரு சனி ஞாயிறில், ஒன்பது மணி நேரத்தில் பை தயார். படம் எடுத்தால் அழகாக வேறு இருந்தது.

உடம்புக்கு டபுள் போட்டது என் யோசனை இல்லை, பெரியம்மாவுடையது. பெரியம்மா பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் கன்னியாஸ்திரீகளிடம் குரோஷா கற்றவள், மேஜை விரிப்பு, ரேடியோ உறை, குழந்தைத் தொப்பி என்று ஐம்பது வருஷமாகப் போடுகிறவள். பை போடப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அவள் சொன்னது ஒரே வரிதான்: "டபுளா போடு, அப்பத்தான் நிக்கும்." நானும் டபுள் போட்டேன்.

அடுத்த வாரம் வந்தவள் பையைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏளா, இது பையா வலையா?"

"நீங்கதான பெரியம்மா டபுள் போடச் சொன்னீங்க."

"நான் டபுள்லா சொன்னேன். நீ ட்ரெபிள் போட்டு வச்சிருக்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை, அப்புறம் புரிந்ததும் சிரிப்புதான் வந்தது. குரோஷேயில் ஒரே பின்னலுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் ஒரு பெயரும் அமெரிக்கர்கள் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு படி தள்ளி. அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் ட்ரெபிள். அமெரிக்க ட்ரெபிள் என்பது அங்கே டபுள் ட்ரெபிள். பெரியம்மா கற்றது பிரிட்டிஷ் வழி, நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்க வழி. அவள் சொன்னது இருப்பதிலேயே குட்டையான, நெருக்கமான பின்னல். நான் போட்டது அதைப்போல இரண்டு மடங்கு உயரமான, காற்றோட்டமான பின்னல்.

இதில் மாட்டாமல் இருக்க ஒரு சின்ன வழி உண்டு. எழுதிய குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு, ஏனென்றால் இப்போதைய பிரிட்டிஷ் வழக்கில் சிங்கிள் என்று ஒன்று இல்லை. படக்குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ இருந்தால் குட்டைப் பின்னல், ஆங்கில T எழுத்தின் காலில் ஒரு சாய்கோடு இருந்தால் நான் போட்டுக் கெடுத்த உயரப் பின்னல். எந்த ஊர்ப் புத்தகமானாலும் குறி அதுதான். பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் குறிப்பு ஓடாது, ஆனால் படக்குறிப்பைக் காட்டினால் ஜப்பான் புத்தகத்தையும் பார்த்துப் போட்டுவிடுவாள். இனிமேல் இந்தக் கட்டுரையில் சிங்கிள், டபுள் என்று சொன்னால் அமெரிக்க வழக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழி முழுவதையும் பெயர்க் குழப்பத்தின் தலையில் போட்டால் அது நியாயம் இல்லை. டபுள் குரோஷேயின் கால் நீளம், பக்கத்துக் கால்களோடு அதற்கு ஒட்டு கிடையாது, தலையிலும் அடியிலும் மட்டும்தான் பிடிப்பு. பாரம் விழுந்ததும் மூங்கில் தட்டிக் கழிகள் நெருங்குவதுபோல எல்லாக் கால்களும் நெருங்கிவிடும், பை ஒடுங்கி நீளும். இது ஒன்று. 3 மி.மீ. நூலுக்கு 6 மி.மீ. ஊசி போட்டதால் கண்ணிக்குள் நூல் நகர இடம் கிடைத்தது, இது இரண்டாவது. கைப்பிடிதான் மோசத்திலும் மோசம்: வெறும் செயின் ஒரு வரிசை, மேலே இரண்டு சுற்று, மொத்த பாரமும் அதன் இரண்டு முனையில். இஞ்ச் டேப் காட்டியதே அதைத்தான், உடம்பு இரண்டரை அங்குலம் இறங்கிய இடத்தில் கைப்பிடி ஐந்து இறங்கியிருக்கிறது. பெரியம்மா சொன்னபடி சிங்கிளே போட்டிருந்தாலும் அந்தக் கைப்பிடியோடு இது பாதிப் பையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது தடவை கையை வைப்பதற்கு முன், உருண்டையில் மிச்சமிருந்த நூலில் 15 செ.மீ. சதுரமாக நாலு துண்டு பின்னினேன். ஒவ்வொரு துண்டையும் மேலேயும் கீழேயும் ஒரு குச்சியில் கோத்து, கொடிக்கம்பியில் கட்டி, கீழ்க்குச்சியில் இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தொங்கவிட்டேன். லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, தராசு வேண்டாம். ராத்திரி முழுக்கத் தொங்கிய பிறகு காலையில் அளந்தால், பழைய 6 ஊசி டபுள் துண்டு 17 செ.மீ.யைத் தாண்டியிருந்தது. 4.5 ஊசியில் போட்ட சிங்கிள் 15½. தெர்மல் என்கிற இரட்டைச் சுவர்ப் பின்னல் கிட்டத்தட்ட அசையவே இல்லை, ஆனால் அது பையா மணையா என்று தெரியாத அளவுக்கு விறைப்பு. ஒரு சாண் போடுவதற்குள் கட்டைவிரல் அடியில் வலி எடுத்துவிட்டது. சூட்டுப் பாத்திரம் பிடிக்கிற துணிக்கு அது சரி. நாலாவது ஆல்பைன் என்கிற மேடு பள்ளப் பின்னல், அது 16-க்குச் சற்றுக் கீழே. பாபிள் என்கிற முண்டுப் பின்னல் வைத்தும் ஒரு ஓரத்தில் பார்த்தேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மார்க்கெட் பையில் அந்த முண்டு எதிலாவது மாட்டி இழுபடும்.

ஆல்பைனைத்தான் எடுத்தேன். உடம்பில் மேடு பள்ளம் வேண்டும், அதே சமயம் தடிமனும் வேண்டும் என்றால் இதுதான் தோது. ஒரு சுற்று டபுள், அதன் மேல் ஒரு சுற்று சிங்கிள். மூன்றாவது சுற்றில்தான் விஷயம் இருக்கிறது: சிங்கிளின் தலையில் குத்தாமல், இரண்டு சுற்றுக்குக் கீழே இருக்கிற டபுளின் காலை முன்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஊசி காலின் வலது பக்கம் உள்ளே போய், பின்னால் வளைந்து, இடது பக்கம் வெளியே வரும், கால் ஊசிமேல் கிடக்கும். அப்போது நூலைச் சுற்றி இழுத்து, நீளமாக மேலே தூக்கி, டபுள்போல முடிக்க வேண்டும். இழுப்பு குறைந்தால் சுற்று சுருங்கும், அதனால் தாராளமாகவே இழுக்கலாம். அந்தக் காலுக்குப் பின்னால் மறைந்துபோன சிங்கிளை விட்டுவிட்டு, அடுத்த சிங்கிளில் ஒரு சாதா டபுள். இப்படி மாறி மாறி. அதன்மேல் மறுபடி ஒரு சுற்று சிங்கிள், அடுத்த தடவை சுற்றும்போது சாதா டபுளாக இருந்ததைச் சுற்ற வேண்டும், முன்பு சுற்றியதன்மேல் சாதா. நாலைந்து முறை போனதும் வைரம் வைரமாக மேடு எழும்பும். அம்மா அதைச் சீத்தாப்பழத் தோல் என்றாள், அதற்கு மேல் சரியாகச் சொல்ல முடியாது. சுற்றிய கால்கள் சிங்கிள் வரிசைக்கு மேல் இன்னொரு அடுக்காகக் கிடப்பதால் அந்த இடத்தில் பின்னல் இரட்டைத் தடிமன், இடைவெளியும் அடைபட்டுவிடும்.

பழைய பையைப் பிரித்தேன். குரோஷேயில் இது ஒரு வசதி, கடைசி முடிச்சை அவிழ்த்தால் தொடக்கம் வரைக்கும் சரசரவென்று வந்துவிடும். ஆனால் வருகிற நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு வரும், அப்படியே பின்னினால் கண்ணி ஒரே அளவில் விழாது. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடியில் ஒரு சின்னக் கனத்தைக் கட்டி நிழலில் தொங்கவிட்டேன், மறுநாள் நிமிர்ந்திருந்தது. போதாத நூலுக்குப் புது உருண்டை வாங்கினால் அது ஒரு பங்கு வெளுப்பாக இருக்கிறது. சாயமே போடாத நூலிலும் இப்படி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யார் கண்ணிலும் படாத அடிப்பாகத்துக்குப் புது நூலை வைத்துக்கொண்டேன்.

அடிப்பாகம் நீள்வட்டம். 27 செயின், ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 25 சிங்கிள், கடைசிச் செயினில் 3, திருப்பி மறுகரையில் 24, முதல் செயினிலேயே இன்னும் 2, ஆக 54. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முனைகளிலும் மும்மூன்று என்று 6 கண்ணி கூட்டினால், எட்டாவது சுற்றில் 96. என் கைக்கு அது 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். ஓரம் கிண்ணம்போல மேலே எழும்பினால் கூட்டியது போதவில்லை, அப்பளம்போல நெளிந்தால் கூட்டியது அதிகம். தரையில் வைத்து உள்ளங்கையால் தடவினால் தெரிந்துவிடும். ஒன்பதாவது சுற்றைக் கண்ணித் தலையின் பின்பக்க லூப்பில் மட்டும் போட்டதால் அடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே எழும்புகிறது என்று ஒரு மடிப்புக்கோடு விழுந்தது. பெட்டி மாதிரி நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு சுற்று.

96 என்கிற கணக்கு முக்கியம், ஆல்பைனுக்கு இரட்டைப்படை எண் வேண்டும். நான் டிவி பார்த்துக்கொண்டே போட்டதில் எங்கோ ஒரு கண்ணியை விழுங்கி 95 ஆக்கிவிட்டேன், அது தெரியவந்ததே சுற்று முடிகிற இடத்தில் இரண்டு மேடு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோதுதான். மூன்று சுற்று பிரித்தேன். சுற்றுகள் சேரும் கோடு மேலே போகப் போக ஒரு பக்கமாகச் சாயும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பையின் பக்கவாட்டில் வைத்துவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

30 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, வாய்க்கு நாலு சுற்று சிங்கிள், கடைசியாக ஸ்லிப் ஸ்டிட்ச் என்கிற உயரமில்லாத பின்னல் ஒரு சுற்று. ஸ்லிப் ஸ்டிட்ச் இழுபடாது, வாய் அகன்று தொளதொளவென்று ஆகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கைப்பிடியை இந்தத் தடவை தனியாகவே செய்தேன். 80 செயின் போட்டு, நீளவாக்கில் ஆறு வரிசை சிங்கிள். குறுக்கே ஆறு ஆறு கண்ணியாகப் போட்டு நீளமாக வளர்ப்பதைவிட இது நல்லது, நீளவாக்கில் வரிசை ஓடினால் பாரத்துக்கு இழுபடுவது குறைவு. ஓரம் நாலு பக்கமும் ஸ்லிப் ஸ்டிட்ச். முனையைப் பையின் உட்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு இறக்கி, அதே நூலில் பெருக்கல் குறியாகத் தைத்தேன். பிறகு நாலு பாட்டில் தண்ணீரைப் போட்டுக் கதவுக் கொக்கியில் மூன்று ராத்திரி தொங்கவிட்டேன். 60 செ.மீ. கைப்பிடி 63 ஆனது, உடம்பு ஒரு செ.மீ. இறங்கியது. முதல் பைக்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் மூன்று ராத்திரிக்கு மூன்று என்றால் மூன்று மாதத்துக்கு என்ன ஆகும் என்று ஓர் உறுத்தல்.

அப்போதுதான் வீட்டில் கிடந்த ஒரு கேன்வாஸ் பையைக் கவனித்தேன். அதன் பட்டை வாயோடு நிற்கவில்லை, பையின் உடம்பு வழியே அடிவரைக்கும் ஓடுகிறது. பாரத்தை வாங்குவது பையின் துணி இல்லை, அந்தப் பட்டைதான். தையல் சாமான் கடையில் ஒரு அங்குல அகலப் பருத்தி நாடா மூன்று மீட்டர் வாங்கினேன். முன்கைப்பிடிக்குள் போய், உட்சுவர் வழியே இறங்கி, அடியைக் கடந்து, பின்சுவரில் ஏறி, பின்கைப்பிடிக்குள் போய், மறுபக்கம் இறங்கி, தொடங்கிய இடத்தில் சேர்கிற ஒரே வளையம். கைப்பிடியை நாடாவைச் சுற்றி மடித்துக் குழாயாகத் தைத்துவிட்டேன். அதற்கு மேல் அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் ஓர் உட்பை, குரோஷே உடம்பைவிட ஒரு விரல் குட்டையாக. உட்பை குட்டையாக இருந்தால் பாரம் முதலில் துணியில் உட்காரும், பின்னல் இழுபடும் நேரமே வராது. வெங்காயமும் விழாது.

இதை ஊருக்கு வந்திருந்த அத்தானிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நாடாதான் பை. நீ பின்னுனது அதுக்குச் சட்டை" என்றார். கோபம் வந்தது, ஆனால் முற்றிலும் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. நாடா இல்லாமலே இந்தப் பை மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கும், வருஷக்கணக்கில் போக நாடா தேவைப்பட்டது என்பது என் கட்சி. நாடாவோடு மறுபடி மூன்று ராத்திரி தொங்கவிட்டதில் டேப்பில் தெரிகிற மாதிரி எதுவும் மாறவில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். முதல் பை 600 கிராம் சொச்சம், இது காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. நேரம், பிரித்ததையும் சோதனைத் துண்டுகளையும் சேர்க்காமல், 26 மணி. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "முன்னூறு ரூபாய்க்குப் போட்டுத் தாரியா?" என்று கேட்டார், நூலுக்கே அது பத்தாது. கடையில் குரோஷே என்று மலிவாகத் தொங்குகிற துணிகள் பெரும்பாலும் குரோஷே போலத் தெரிகிற இயந்திரப் பின்னல். உண்மையான குரோஷேயைக் கைதான் போட வேண்டும், ஒவ்வொரு கண்ணியாக. இதை அக்காவிடம் சொல்லவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பை ஆறு மாதமாக ஓடுகிறது. வாரம் இரண்டு தடவை மார்க்கெட், ஒரு தடவை ரேஷன் கடை. நேற்று அளந்தேன், கைப்பிடி நாடா வைத்துத் தைத்த அன்று இருந்த அதே அளவு. அடியின் ஒரு மூலையில் மட்டும் தரையில் தேய்ந்து நூல் மொசுமொசுவென்று ஆகியிருக்கிறது, அங்கே ஒரு துண்டு ரெக்ஸின் வைத்துத் தைக்க வேண்டும். கார்த்திகை மழையில் ஒருமுறை துவைத்தபோது தட்டில் படுக்கப்போட்டுக் காய இரண்டு நாள் ஆனது. தொங்கவிட்டுக் காயப்போட்டால் ஈரக் கனத்திலேயே இழுபடும், அதனால் கொடியில் போடவில்லை. எடையைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் வெறும் மல்லித்தழை, கருவேப்பிலை வாங்கப் போகிற அன்று மஞ்சப்பையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அதற்காகவே 2 மி.மீ. நூலில் இன்னொன்று ஆரம்பித்திருக்கிறேன். பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். "ஊசி மூணுக்கு மேல போகாத" என்றாள். மூணு என்றால் மி.மீ. கணக்கா, அவளுடைய பழைய ஊசியில் வெட்டியிருக்கிற நம்பரா என்று இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன்.